புண்ணும் வடுவும்: கண்ணசைவு உளச்சிகிச்சை பற்றிய ஓர் ஆராய்ச்சி

கடுஞ்சொல்லின் கேட்டை உணர்த்தப் புகுந்த வள்ளுவர், உடலிற் படும் காயம் காலத்தால் நீங்குமென்றும், உள்ளத்திற் படும் காயம் அங்ஙனம் நீங்குவதன்றென்றும் வேறுபடுத்திக் காட்டினார். ஒரு சொல்லே இத்துணைத் துன்பந் தருமாயின், போர், கடல்கோள், விபத்து, வன்கொடுமை முதலியவற்றின் வாய்ப்பட்டு உயிர்தப்பியவர் உள்ளத்தின் நிலை யாதாகும்? அக்காயத்தை ஆற்றுதல் இயலுமா? இயலுமெனக் கூறும் சிகிச்சை முறைகள் இக்காலத்திற் பல உள. அவற்றுள் ஒன்று, நோயாளர் துன்ப நினைவை மனத்திற் கொண்டிருக்கையில், அவர் கண்களை இடமும் வலமுமாக அசையச் செய்வது. கேட்பார்க்கு இது வியப்பையும் ஐயத்தையும் ஒருங்கே விளைவிக்கும். அவ்விரண்டும் எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். நம் நினைவுகள் பொதுவாகக் காலத்தோடு மங்கும் இயல்பின. சென்ற ஆண்டு நிகழ்ந்த சச்சரவொன்றை இன்று நினைக்கும்போது, அது நிகழ்ந்து முடிந்த ஒன்று என்ற உணர்வும் உடன்வருகின்றது, சினம் தணிந்திருக்கும், சிலவேளை நகைப்புங்கூடத் தோன்றும். ஆனால், உயிருக்கே ஊறு நேருமென்ற பேரச்சத்தின்போது பதிந்த நினைவு சிலரிடத்து இவ்வாறு மங்குவதில்லை. பேருந்து விபத்தொன்றில் உயிர்தப்பிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு திங்கள் கழிந்த பின்னும், தெருவில் ஏதேனுமொரு வண்டி சடுதியாகப் பிரேக் போடும் ஓசை கேட்டதும் அவர் நெஞ்சு படபடக்கின்றது; உடல் வியர்க்கின்றது; உடைந்த கண்ணாடியும் குருதியும் கண்முன் நிற்கின்றன. அவர் விபத்தை நினைக்கின்றாரல்லர். மீண்டும் விபத்துக்குள்ளேயே இருக்கின்றார். ஆதலால் அவர் பேருந்தைத் தவிர்க்கின்றார். பின்னர் அத்தெருவைத் தவிர்க்கின்றார். ஈற்றில் அதைப்பற்றிப் பேசுவோரையும் தவிர்க்கின்றார். தவிர்த்தல் அப்போதைக்கு ஆறுதல் தருவதே. ஆயினும், அது நினைவைப் பழமையடைய விடுவதில்லை.

இந்நோய் புதியதன்று, பெயரே புதிது. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பங்குபற்றிய வீரரிடத்துக் காணப்பட்ட நெஞ்சுப் படபடப்பை டா கோஸ்டா என்னும் வைத்தியர் 1871இல் விவரித்து, அதனை இருதயத்தின் கோளாறாகக் கொண்டார். முதலாம் உலகப் போரின்போது, 1915இல், சாள்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில உளநூலார் ‘குண்டதிர்ச்சி’ என்னும் பெயரை மருத்துவ ஏட்டில் வழங்கினார். குண்டு வெடித்தலால் உண்டாகும் அதிர்வு மூளையையும் நரம்பையும் தாக்குவதே காரணமென அக்காலத்துப் பலர் எண்ணினர். வெடிப்புக்கு அணித்தாக இராத வீரரிடத்தும் அக்குறிகள் காணப்படவே அக்கருத்துத் தளர்ந்தது. நோயுற்றோருட் பலர் கோழைகள் எனப் பழிக்கப்பட்டனர். 1980இலேயே அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்ப் பகுப்பு நூலில் இதற்குத் தனியிடம் அளித்தது. நம் நாட்டுத் தமிழ் உளமருத்துவ எழுத்துக்கள் இதனை ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என வழங்கும். பேரிடருக்கு உள்ளானோர் அனைவரும் இந்நோய்க்கு ஆளாவதில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பெரும்பாலார் சுற்றத்தின் துணையாலும் காலத்தின் கழிவாலும் தேறிவிடுகின்றனர். தேறாத சிலர்க்கே சிகிச்சை வேண்டப்படுகின்றது.

கண்ணசைவு முறையைக் கண்டவர் பிரான்சின் சப்பிரோ (1948–2019) என்னும் அமெரிக்கப் பெண்மணியாவர். ஆங்கில இலக்கியத்தில் உயர்பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்த காலத்திற் புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவர் இவர். உள்ளமும் உடலும் ஒன்றையொன்று எவ்வாறு தாக்குகின்றன என்ற வினாவே இவரை இலக்கியத்தினின்றும் உளவியலுக்கு இட்டுச் சென்றது. 1987இல் ஒருநாள் கலிபோர்னியாவிற் பூங்காவொன்றில் உலாவிக்கொண்டிருந்தபோது, தம்மை வருத்திய எண்ணங்கள் சடுதியாக வலியிழந்தமையை உணர்ந்தாரென்றும், அவ்வேளையிற் கண்கள் தாமாகவே இருபுறமும் விரைந்து அசைந்தமையைக் கவனித்தாரென்றும் அவரே கூறியுள்ளார். பின்னர் வேண்டுமென்றே கண்களை அசைத்துப் பார்த்தார், பிறரிடத்துஞ் சோதித்தார். 1989இல், கொடிய நினைவுகளால் வருந்திய 22 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார். ஒரே அமர்விற் பெரும் பயன் கண்டதாக அவ்வாய்வு கூறிற்று. சிகிச்சை செய்தவர் அவரே. பயனை அளந்த அளவுகோல் பெரும்பாலும் நோயாளரின் சொல்லே. ஆகலின் அறிஞர் பலர் இதனை எளிதில் ஏற்றாரல்லர். அவர் ஐயுற்றது முறையே.

இம்முறை முற்றிலும் புதிய நிலத்தில் முளைத்ததுமன்று. தென்னாபிரிக்காவிற் பிறந்த யோசேப் வொல்ப் என்னும் உளமருத்துவர், உடலைத் தளர்த்தி அமைதியடைந்த நிலையில் அச்சந்தரும் பொருளைப் படிப்படியாக மனத்திற் கொண்டுவருவதால் அச்சம் தணியுமென்பதை 1958இல் வெளியிட்ட நூலிலேயே விளக்கியிருந்தார். துன்பத்தின் அளவை நோயாளரே எண்ணாற் கூறும் வழக்கமும் அவர்வழி வந்ததே. சப்பிரோ தொடக்கத்திற் கண்ணசைவால் உணர்ச்சியின் கூர்மை தணிகின்றது என்று மட்டுமே கொண்டார். சில ஆண்டுகளில், தணிவதோடு அமையாது நினைவே புதிய பொருள் பெற்று மீள ஒழுங்காகின்றது எனக் கருதி, பெயரையும் அதற்கேற்ப விரித்தார். இன்று உலகெங்கும் ‘ஈ.எம்.டி.ஆர்.’ என்ற எழுத்துக்களால் அறியப்படுவது இம்முறையே.

சிகிச்சை எட்டுப் படிகளாக அமைந்தது. கண்ணசைவே சிகிச்சை முழுவதும் என்று எண்ணுதல் தவறு. முதற்படியில் நோயாளரின் வரலாறு கேட்டறியப்படும். இரண்டாவது படி ஆயத்தம். செய்யப்போவது யாதென விளக்கப்படும். மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சிகள் கற்பிக்கப்படும். கையை உயர்த்தினால் உடனே நிறுத்தப்படும் என்பது போன்ற ஒரு குறியும் உடன்பட்டுக்கொள்ளப்படும். தன் விருப்பின்றித் துன்பத்துக்கு ஆளான ஒருவர்க்கு, நிறுத்தும் உரிமை தம் கையிலுள்ளது என்ற உணர்வு சிறிய மருந்தன்று. மூன்றாவது படியில், நினைவின் மிகக் கொடிய காட்சி எது, அது தம்மைப்பற்றி என்ன எண்ணச் செய்கின்றது, அதற்கு மாறாக எதனை நம்ப விரும்புகின்றார் என்பன கேட்கப்படும். ‘என்மேலேயே பிழை’ என்பது முன்னைய எண்ணமாயின், ‘என்னால் இயன்றதைச் செய்தேன்’ என்பது விரும்பும் எண்ணமாகலாம். துன்பம் 0 முதல் 10 வரையும், விரும்பும் எண்ணத்தில் உள்ள நம்பிக்கை 1 முதல் 7 வரையும் அளக்கப்படும்.

நான்காவது படியிலேயே கண்ணசைவு வருகின்றது. சிகிச்சையாளர் பக்கவாட்டில் அமர்ந்து, இரு விரல்களை நோயாளரின் கண்ணெதிரே இடவலமாக அசைப்பர். நோயாளர் அக்காட்சியை மனத்திற் கொண்டவாறே, தலையைத் திருப்பாது, கண்களால் மட்டும் விரல்களைப் பின்தொடர்வர். ஏறக்குறைய அரை நிமிடம் சென்றதும் நிறுத்தி, ‘இப்போது என்ன தோன்றுகின்றது?’ என வினவுவர். தோன்றியது எதுவாயினும் அதனையே பற்றிக்கொண்டு அடுத்த தொடர் அசைவு நிகழும். துன்பத்தின் அளவு 0 அல்லது அதற்கு அணித்தாகக் குறையும்வரை இவ்வாறு தொடரும். ஐந்தாவது படியில் விரும்பிய எண்ணம் அந்நினைவோடு இணைக்கப்படும். ஆறாவதில் உடலில் எங்கேனும் இறுக்கம் எஞ்சியுள்ளதா எனத் தலைமுதற் கால்வரை நோக்கப்படும். ஏழாவதில் அமைதிநிலைக்குக் கொணர்ந்து அமர்வு முடிக்கப்படும். எட்டாவது படி அடுத்த அமர்வின் தொடக்கத்தில், முன்னைய பயன் நிலைத்துள்ளதா எனச் சீர்தூக்குதலாகும். ஓர் அமர்வு வழக்கமாக 60 முதல் 90 நிமிடம் நீளும். விரலசைவுக்குப் பதிலாகக் கைகளில் மாறிமாறித் தட்டுதலும், இரு காதுகளிலும் மாறிமாறி ஒலி எழுப்புதலும் உண்டு. நிகழ்ந்ததை ஒன்றுவிடாது வாய்விட்டுக் கூறவேண்டும் என்ற கட்டாயம் இம்முறையில் இல்லை. சொல்லக் கூசும் துன்பங்களை உடையார்க்கு இது பெரிதும் ஆறுதலளிப்பது.

இனி, இதனாற் பயன் உண்டா என்பதை நோக்குவாம். 1989ஆம் ஆண்டின் சிறிய ஆய்வோடு விடயம் நின்றுவிடவில்லை. நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து ஒப்புநோக்கும் பரிசோதனைகள் பல நாடுகளில் நடைபெற்றன. அவற்றுள் ஒன்று 2007இல் அமெரிக்காவில் வெளியானது. 88 பேர் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தார் கண்ணசைவுச் சிகிச்சையும், இன்னொரு கூட்டத்தார் புளுவொக்செற்றின் என்னும் மருந்தும், மற்றையோர் மருந்துச்சத்து இல்லாத வெற்று மாத்திரையும் பெற்றனர். சிகிச்சை முடிந்து ஆறு திங்கள் சென்றபின் நோக்கியபோது, வளர்ந்தபின் இடருற்றுக் கண்ணசைவுச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 75 பேர் நோய்க்குறி நீங்கியிருந்தனர். சிறுவயதிலேயே இடருற்றோருள் நூற்றுக்கு 33 பேரே அந்நிலையை எய்தினர். மருந்து பெற்ற கூட்டத்தில் ஒருவரும் எய்தவில்லை. இவ்வாய்வு சிகிச்சையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகின்றது. இளமையிற் பட்ட காயம் ஆழமானது. அது எளிதில் ஆறுவதன்று.

2013இல் உலக சுகாதார நிறுவனம், இடரை மையமாகக் கொண்ட அறிவு-நடத்தைச் சிகிச்சையோடு இம்முறையையும் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் ஏற்றதெனப் பரிந்துரைத்தது. 2017இல் அமெரிக்க உளவியற் சங்கம் இதற்கு நிபந்தனையோடு கூடிய ஆதரவை அளித்தது. 2018இல் இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டல், போர்முனையோடு தொடர்பில்லாத இடர்களால் நேர்ந்த நோய்க்கு இதனை ஏற்றுக்கொண்டது. ஆகவே, பயன் உண்டென்பது பெரும்பாலும் முடிந்த முடிபு எனலாம்.

பயன் உண்டெனின், அது கண்ணசைவினாலா வந்தது? இவ்வினாவிலேயே அறிஞர் பிளவுபடுகின்றனர். துன்ப நினைவைப் பாதுகாப்பான இடத்தில், நம்பிக்கைக்குரிய ஒருவர் முன்னிலையில், தவிர்க்காது எதிர்கொள்ளுதலே நோயைத் தீர்க்கின்றது. கண்ணசைவு வெறும் அணிகலன் என்பது ஒரு சாரார் வாதம். 2001இற் பல ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்ட கட்டுரையொன்று, கண்ணசைவு உள்ளபோதும் இல்லாதபோதும் பயன் ஒத்ததே எனக் கண்டது. 2013இல் மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்துத் திரட்டிய வேறொரு கட்டுரை, கண்ணசைவால் மிகுதிப் பயன் உண்டெனக் கண்டது. வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

கண்ணசைவுக்கு ஆற்றல் உண்டென்பார் கூறும் விளக்கங்கள் இரண்டினை ஈண்டுத் தருவாம். உறக்கத்தின் ஒரு கட்டத்திற் கண்கள் இமைக்குள்ளே விரைந்து அசைகின்றன என்பதும், கனவுகள் அக்கட்டத்தில் மிகுதியென்பதும் 1953இல் அறியப்பட்டன. விழித்திருக்கையிற் செய்யும் கண்ணசைவும், அவ்வுறக்கத்தைப் போன்றே நினைவுகளை ஒழுங்குபடுத்தும் நிலையை மூளையில் எழுப்புகின்றதென்பது ஒரு விளக்கம். இது கவர்ச்சியுடையதாயினும் உறுதியாக நிறுவப்படவில்லை.

மற்றையது பரிசோதனைகளின் ஆதரவு மிக்கது. மனத்தில் ஒன்றைத் தற்காலிகமாகத் தாங்கிக் கையாளும் ஆற்றலைச் ‘செயல் நினைவு’ என்பர். அலன் படெலி, கிரகம் கிற்ச் என்னும் ஆங்கில உளநூலார் இருவர் 1974இல் இதனை விளக்கினர். இதன் கொள்ளளவு மிகச் சிறிது. நம் புலோலியூரிற் பிறந்த கதிரைவேற்பிள்ளை ஒரே வேளையிற் பற்பல பொருள்களிற் கவனஞ் செலுத்தி அவைகளை வியப்பித்துச் ‘சதாவதானி’ எனப் பெயர் பெற்றார். அவ்வாற்றல் அருமையானது என்பதனாலேயே அது போற்றப்பட்டது. ஏனையோர்க்கு இரண்டு செயல்களை ஒருங்கே செய்தலும் அரிது. கண்களால் விரலைத் தொடர்வதற்கே கவனத்தின் ஒரு பகுதி செலவாகிவிடுகின்றது. எஞ்சிய சிறு பகுதியில் அக்கொடிய காட்சி முன்போலத் தெளிவாக நிற்க இயலாது மங்குகின்றது. 1997இல் படெலியும் பிறரும், பின்னர் நெதர்லாந்து ஆய்வாளரும் நடத்திய பரிசோதனைகளில், கண்ணசைவின்போது நினைவுக் காட்சியின் தெளிவும் அதன் உணர்ச்சிக் கூர்மையும் குறைந்தன. மனத்தை ஈர்க்கும் வேறு சில செயல்களும் அத்தகைய பயனை அளித்தன. ஆகவே கண்ணுக்கென்று தனி மந்திரம் ஏதுமில்லை. இரட்டைக் கவனமே முதன்மை என்பது இவ்விளக்கத்தின் சாரம்.

மங்கிய காட்சி மங்கியவாறே நிலைப்பது எங்ஙனம்? ஒருமுறை பதிந்த நினைவு கல்லில் எழுத்துப்போல் மாறாதது என முன்னர் எண்ணினர். 2000இல் எலிகளிற் செய்யப்பட்ட ஆய்வொன்று, நினைவுகூரப்பட்ட அச்சம் சிறிது நேரம் நெகிழ்ந்து, பின்னரே மீண்டும் இறுகுகின்றதெனக் காட்டிற்று. மக்களிடத்தும் அவ்வாறாயின், நெகிழ்ந்த வேளையில் மங்கிய நினைவு மங்கியவாறே இறுகுதல் கூடும்.

ஐயுறுவோர் பழைய வரலாறொன்றை நினைவூட்டுவர். பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்பவர் தம் ‘உயிர்க்காந்தம்’ நோய்களைத் தீர்க்கின்றதெனக் கூறிப் பாரிசு நகரிற் பெரும்புகழ் எய்தினார். 1784இற் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவொன்று அதனை ஆராய்ந்தது. பெஞ்சமின் பிராங்கிளினும் லவோய்சியரும் அக்குழுவில் இருந்தனர். காந்தம் என ஒன்று இல்லை, காணப்பட்ட விளைவுகள் கற்பனையின் பயனே என்பது குழுவின் முடிபு. கண்ணசைவும் அத்தகையதோ என வினவுவது தகும். ஆயின், மருத்துவ வரலாறு வேறோர் எடுத்துக்காட்டையும் தருகின்றது. 1747இல் யேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், ஸ்கேவி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறுவகை மருந்து கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்டோர் விரைவிற் தேறினர். அப்பழங்களில் உள்ள உயிர்ச்சத்து ‘சி’ இன்னதெனத் தெளிந்ததோ 1930களிலேயே. லிண்ட் கூறிய காரணம் பிழை. கொடுத்த பழம் சரி. ‘பயன் தருகின்றதா?’ என்பதும் ‘ஏன் தருகின்றது?’ என்பதும் இருவேறு வினாக்கள். முன்னதற்கு விடை கிடைத்தமையாற் பின்னதும் விளங்கிவிட்டது எனக் கொள்ளுதல் மயக்கம். பின்னது விளங்காமையால் முன்னதை மறுத்தலும் மயக்கமே.

இவ்வாராய்ச்சி நமக்கு ஏட்டளவில் நிற்பதன்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட, ‘வடுப்பட்ட உள்ளங்கள்’ எனப் பொருள்படும் பெயருடைய ஆங்கில நூல், போர் இலங்கைத் தமிழர் உள்ளத்தில் விளைத்த ஊறுகளை உலகறியச் செய்தது. 2004 டிசெம்பர் 26இற் கடல்கோளும் வந்தது. அதன்பின், வடகிழக்கிற் போராலும் கடல்கோளாலும் வருந்திய 31 சிறுவர்க்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர் ஆறு அமர்வுகள் நடத்தினர். அவ்வாய்வு 2009இல் வெளியாயிற்று. கண்ணசைவு அதில் இடம்பெறவில்லை. ஒரு பகுதியார் தம் வாழ்க்கை வரலாற்றை ஒழுங்குபட எடுத்துரைத்தனர். மறு பகுதியார் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். இரு பகுதியாரும் பெரிதும் தேறினர். சிகிச்சை பெறாத கூட்டமொன்றோடு ஒப்பிடப்படாமையின், காலத்தால் நேர்ந்த தேற்றம் எவ்வளவெனப் பிரித்தறிதல் இயலாது. எனினும், ஊருக்கு அரண்மனை வாயில் ஒன்றே இருத்தல் வேண்டுமென்பதில்லை என்பதையும், நம்மவரே பயிற்சி பெற்று நம் மொழியில் இப்பணியை ஆற்றவல்லார் என்பதையும் அது காட்டிற்று.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இரண்டொரு சொல் கூறி அமைவாம். வகுப்பில் வெறித்து நோக்கியிருக்கும் மாணவனும், சிறு ஓசைக்குத் துணுக்குறும் மாணவியும் எப்போதும் சோம்பராலோ பயந்தசுபாவத்தாலோ அவ்வாறிருப்பதில்லை. பழிக்காது கேட்டலும், தக்க வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ அனுப்புதலும் நம் கடன். ஆனால், இக்கட்டுரையைப் படித்தமையால் விரலசைத்துச் சிகிச்சை செய்யத் துணிதல் ஆகாது. கொடிய நினைவைத் திறத்தல் எளிது. திறந்ததை மூடி ஒருவரை அமைதியோடு வீட்டுக்கு அனுப்புதற்கே பயிற்சி வேண்டும். எட்டுப் படிகளுட் கண்ணசைவுக்கு முன்னர் மூன்று படிகள் வைக்கப்பட்டமை இக்காரணத்தாலேயாம்.

இந்நோய்க்கு நம்மவர் இட்ட பெயர் மனவடு. நுணுகி நோக்கின், நோய் வடுவன்று, ஆறாத புண்ணே. புண் தொட்டால் நோகும். வடு தொட்டால் நோகாது, நிகழ்ந்ததை நினைவூட்டி நிற்கும். எந்தச் சிகிச்சையும் நிகழ்ந்ததை நிகழாததாக்க வல்லதன்று. இழந்தோரை மறக்கச் செய்தலும் அதன் நோக்கமன்று. மறக்க விரும்புவாரும் சிலரே. புண்ணை வடுவாக்குதல், அஃதாவது இன்றும் நிகழ்ந்துகொண்டிருப்பதை அன்று நிகழ்ந்ததாக்குதல், அவ்வளவே அது செய்வது. துன்புற்றார்க்கு அவ்வளவே போதும்.